சிங்கப்பூரில் படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். சிங்கப்பூரில் தனியார் கல்லூரிகளில் சேருகிற வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலானோருக்குப் பகுதி நேர வேலை பார்க்க அனுமதி கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. விடுமுறையிலும் கிடையாது. "படிச்சுக்கிட்டே சம்பாதிக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம்" என்று உங்கள் ஊர் ஏஜென்ட் சொன்னால், "எந்தக் கல்லூரி? அந்தப் பெயர் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் வீட்டில் 5,25,000 ரூபாய் போயிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம். பி.காம். முடித்தேன். சிங்கப்பூரில் ஒரு டிப்ளமோ, அதன் பிறகு ஓராண்டு படித்தால் பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கேயே வாங்கிவிடலாம் என்றார்கள். அம்மா, மாமா, நான் மூன்று பேரும் திருச்சியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். சுவர் முழுக்கப் பையன்களும் பெண்களும் மெர்லயன் சிலை முன்னால் நிற்கிற படங்கள். ஏஜென்ட் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அம்மாவுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார்.

செலவை எப்படிச் சமாளிப்பது என்று மாமா கேட்டபோது, அவர் தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். வாரத்துக்கு 16 மணி நேரம், மணிக்கு 10 வெள்ளி, நான்கு வாரம். மொத்தம் 640 வெள்ளி. (சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) "நம்ம காசுக்கு நாற்பதாயிரத்துக்கு மேலம்மா. லீவு விட்டா முழு நேரமும் பார்க்கலாம். தம்பி ரூம் வாடகை, சாப்பாடு போக உங்களுக்கும் அனுப்புவாரு" என்றார். அந்தத் தாளை அம்மா மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மாமாவுக்குச் சந்தேகம் இருந்தது. "இது சட்டப்படி சரியா?" என்று கேட்டார். ஏஜென்ட் உடனே கைபேசியில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் பக்கத்தைத் திறந்து காட்டினார். 16 மணி நேரம் என்று அதில் தெளிவாக இருந்தது. போலிப் பக்கம் இல்லை, அரசாங்கத்தின் பக்கமேதான். நாங்கள் ஏமாந்தது அந்த இடத்தில்தான். அந்த விதி எல்லாருக்கும் பொருந்தாது. அமைச்சு ஏற்றுக்கொண்ட கல்விக்கூடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் (பாலிடெக்னிக்) என்று போகும். அங்கே முழு நேரம் படிக்கிறவர்கள் மட்டும்தான் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அவர் எங்களுக்குப் பட்டியலைக் காட்டவில்லை. 16 என்ற எண் தெரிகிற இடத்தோடு விரலை நிறுத்திவிட்டார்.

அம்மா ஏலச்சீட்டை அதிகத் தள்ளுக்கு எடுத்தார். மீதிக்கு நகைக்கடன். கல்லூரிக் கட்டணம் என்று 4,40,000, விசா வேலைக்கு என்று 85,000. இரண்டையும் ஏஜென்ட்டின் சொந்த வங்கிக் கணக்கில் போட்டோம். "காலேஜுக்கு நேரா அனுப்பினா எக்ஸ்சேஞ்ச் ரேட்ல நஷ்டம் தம்பி, நான் மொத்தமா அனுப்பிடுறேன்" என்றார்.

மே மாதம் ஒரு நாள் ஒரே ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுப் படம் அனுப்பச் சொன்னார். கையெழுத்துக் கோடும் தேதியும் மட்டும் இருந்த பக்கம். மற்ற பக்கங்கள் எங்கே என்று கேட்டதற்கு "அதெல்லாம் ஃபார்மாலிட்டிதான்" என்று பதில் வந்தது. வெளியூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இறங்கியதும் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அங்கேயே மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்தப் பத்து நிமிடத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் வந்து சேர்ந்தேன். முதல் நாள் அறிமுக வகுப்பில் கல்லூரி அலுவலர் பெண்மணி, வருகைப் பதிவு 90 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று ஆரம்பித்து, அடுத்ததாகச் சொன்னது: "நீங்கள் யாரும் வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் இல்லாத வேலையும் கூடாது." எனக்குப் பக்கத்தில் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவனுக்கும் வேறொரு ஏஜென்ட் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இடைவேளையிலேயே திருச்சிக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் அப்படித்தான் சொல்வாங்க தம்பி. அங்க நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, கையில காசு குடுத்துடுவாரு. கவலைப்படாதீங்க" என்றார். மறுநாளே ஒருவர் அழைத்து, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்சந்துக்கு இரவு ஏழு மணிக்கு வரச் சொன்னார்.

போனேன். பொய் சொல்ல விரும்பவில்லை, வேலை பார்க்கிற எண்ணத்தோடுதான் போனேன். கையில் அப்போது இருந்தது 310 வெள்ளி. பின்கதவுக்கு வெளியே எண்ணெய் டின்கள், ஈரத்தரை, தொட்டி நிறைய எச்சில் தட்டு. மஞ்சள் நிற ரப்பர் கையுறை ஒன்று குழாய் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, என்ன பாஸ்?"

"ஸ்டூடண்ட் பாஸ்ணே."

"எந்த ஸ்கூல்?"

சொன்னேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "உள்ள நிக்காத. வெளிய வா" என்று முழங்கையைப் பிடித்துச் சந்துக்குக் கூட்டிவந்தார். பாஸைக் காட்டச் சொன்னார். 2023 பிப்ரவரி 27 முதல் மாணவர் பாஸ் (படிக்க வந்தவர்கள் இங்கே தங்குவதற்கான அனுமதி) அட்டையாக வருவதில்லை, டிஜிட்டல்தான், அதனால் கைபேசியில் காட்டினேன். பார்த்துவிட்டு, எதிரே கோப்பிக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முன்பு வேலை பார்த்த கடைக்கு மனிதவள அமைச்சின் அதிகாரிகள் வந்த கதையைச் சொன்னார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பையனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். "அவன் பெட்டி ஒரு மாசம் ரூம்லயே கிடந்துச்சு தம்பி. அவனைத்தான் அப்புறம் நாங்க பார்க்கல" என்றார்.

செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்க்கிற வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மாணவர் பாஸ் போய்விடும், மறுபடி இந்த நாட்டுக்குள் வர முடியாமலும் போகலாம். ஏஜென்ட்டோ அந்த "நம்ம ஆளோ" இதில் எதையும் சொல்லவில்லை. மாட்டினால் மாட்டுவது நாம்தான். அந்த அண்ணனின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

தங்குமிடமும் ஏஜென்ட் ஏற்பாடுதான். மூவறை வீவக வீட்டில் (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு) பதினொரு பேர். உறவினர் அல்லாதவர்கள் அப்படிப்பட்ட வீட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. நான்காம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், அதைப் பற்றி அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

அடுத்த வாரம் கல்லூரி அலுவலகத்தில் என் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியை வாங்கி உட்கார்ந்து படித்தேன். எல்லாமே அதில் எழுதியிருந்தது. ஜி.எஸ்.டி. 9 விழுக்காட்டையும் சேர்த்து முதல் தவணை 4,900 வெள்ளி. ரசீதும் அதே தொகைக்குத்தான். நான் வந்தபோது இருந்த விலைக்கு அது சுமார் 3,20,000 ரூபாய். நாங்கள் கொடுத்தது 4,40,000. நடுவில் 1,20,000 ரூபாயைக் காணோம். விசாவுக்கு என்று வாங்கிய 85,000 இதில் சேராது. மாணவர் பாஸ் விண்ணப்பத்துக்கும் வழங்குவதற்கும் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் வாங்குவது அந்த 85,000-இல் ஒரு சிறு பகுதிதான்.

என்னை அதிகம் வதைத்த வரி வேறு. இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு 7 வேலை நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மாணவர் விலகினால் கட்டிய கட்டணத்தில் அட்டவணையில் உள்ள மிக அதிக விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருந்தது. மே மாதத்திலேயே அந்த ஏழு நாளும் போய்விட்டது. அப்போது அப்படி ஓர் அவகாசம் இருப்பதே எனக்குத் தெரியாது. வகுப்பு தொடங்கிய பிறகு விலகினால் எனக்குத் திரும்பி வருவது பூஜ்யம்.

கல்லூரியிடம் முறையிட்டேன். அவர்கள் நியமித்த ஏஜென்ட் பட்டியலில் திருச்சி அலுவலகத்தின் பெயரே இல்லை. நியமித்த ஏஜென்ட்டுக்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே இவர். "எங்களுக்கு வந்த தொகைக்கு ரசீது கொடுத்துவிட்டோம்" என்பதோடு கல்லூரி நின்றுவிட்டது. ஊரில் அப்பாவும் மாமாவும் நான்கு முறை திருச்சிக்கு அலைந்து 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மீதிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதனால்தான் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை.

இனி, வரப்போகிறவர்களுக்கு. நீங்கள் பட்டதாரியோ பன்னிரண்டாம் வகுப்போ, இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கல்லூரியின் பெயரைத் தனியார் கல்லூரிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூரின் பதிவேட்டில் தேடுங்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் தனியார் கல்லூரிக்கு எடுட்ரஸ்ட் என்ற தரச் சான்றிதழ் கட்டாயம். அது இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ஆனால் அது இருப்பதால் வேலை பார்க்கலாம் என்று ஆகிவிடாது. என் கல்லூரிக்கும் எடுட்ரஸ்ட் இருக்கிறது. வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சின் பட்டியல் தனி. அதை ஏஜென்ட்டின் கைபேசியில் பார்க்காதீர்கள். உங்கள் கைபேசியில் நீங்களே திறந்து, கல்லூரிப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, கடைசி வரி வரை பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய ஆலோசனைக் குறிப்பு ஒன்று உண்டு. அதையும் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் பள்ளி ஆசிரியர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதில் கட்டண அட்டவணையும், விலகினால் எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணையும் இருக்கும். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடும் முன் பாடக் கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் பெயருக்கு எடுத்த காப்பீட்டின் சான்றையும் கேளுங்கள். கல்லூரி திடீரென மூடப்பட்டால் கைகொடுப்பது அதுதான்.

இன்னொன்று, செலவு. பகுதி நேர வேலை இல்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். அறையில் ஒரு படுக்கை, சாப்பாடு, பேருந்து, கைபேசி என்று முழுப் பணமும் ஊரிலிருந்துதான் வர வேண்டும். அது முடியும் என்றால் வாருங்கள். படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் ஆசிரியர்கள் அக்கறையாகத்தான் நடத்துகிறார்கள். நான் டிப்ளமோவை முடிக்கத்தான் போகிறேன். தேக்கா சந்தையில் காய் வாங்கி மூன்று பேர் சேர்ந்து சமைக்கிறோம். அப்பா மாதம் 28,000 ரூபாய் அனுப்புகிறார். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஜனவரி சேர்க்கைக்கு அதே அலுவலகத்தில் இப்போது ஆள் சேர்க்கிறார்கள் என்று ஊரிலிருந்து சொன்னார்கள். அங்கேயோ, அதைப் போன்ற வேறு இடத்திலோ, கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே கல்லூரிக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி முழு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட தேதியைப் பாருங்கள். சனி, ஞாயிறு, சிங்கப்பூர் பொது விடுமுறையை விட்டுவிட்டு எண்ணுங்கள். ஏழு முடியவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.