ஏஏசி பிளாக்: அடைப்புச் சுவருக்கு எப்படி?

பில்லரும் பீமும் எழுப்பிவிட்டு நடுவில் அடைக்கிற சுவரைத்தான் சைட்டில் ‘ஃபில்லர் வால்’, ‘பேனல் வால்’ என்கிறார்கள். மேல்தளத்தின் பாரம் அதற்குக் கிடையாது. தன் எடையைத் தாங்கி, காற்றுக்குச் சாயாமல் நின்றால் போதும். மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைப்பதை இங்கிலாந்தில் ‘நாகிங்’ என்பதும் இதே வகைதான். காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக்கை இந்த வேலைக்கென்றே மதிப்பிட வேண்டும். செங்கல்லைப் போலப் பாரம் தாங்கும் சுவருக்கு வாங்கினால் கணக்கு வேறு.

600×200×200 மி.மீ. ஏஏசி கல் ஒன்று, காய்ந்த நிலையில் சுமார் 14 கிலோ. அதே இடத்தை அடைக்க சேம்பர் சூளையில் சுட்ட செங்கல் 12 வேண்டும், 35 கிலோவைத் தாண்டும். பீமுக்கும் அஸ்திவாரத்துக்கும் இறங்கும் பாரம் குறைவதுதான் இதன் பெரிய லாபம். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 77 கல் போகும். உடைசலுக்குச் சேர்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். இந்தியத் தரவிதி உயரத்தில் 3 மி.மீ. கூடக்குறைய அனுமதிக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வரும் ஒட்டுக்கலவை இணைப்பே 3 மி.மீ.தான்! பத்துக் கல்லை வரிசையாக நிறுத்தி மேலே மட்டப்பலகை வைத்தால் சரக்கின் லட்சணம் தெரிந்துவிடும். ஈரமாக வந்த கல்லை உடனே கட்டக் கூடாது. பிறகு காயும்போது சுருங்கி வெடிப்பு விடும்.

முதல் வரியைச் சாதாரண சிமென்ட் கலவையில் மட்டம் பார்த்து வைக்க வேண்டும். அடுத்த வரிகளுக்கு மூட்டையில் வரும் ஒட்டுக்கலவை. செங்கல் பழக்கத்தில் கல்லை ஊறப்போடுகிறார்கள், தவறு. தூசியைத் துடைத்து, லேசாக ஈரப்படுத்தினால் போதும். சன்னல் அடிமட்டத்திலும் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் குறுக்குக் கட்டை) மட்டத்திலும் இரண்டு 8 மி.மீ. கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட், அதாவது சுவர் நெடுக ஓடும் கான்கிரீட் பட்டை, அவசியம். 4 அங்குலச் சுவருக்கு இதை விடவே கூடாது.

அதிகம் சொதப்புவது பீமின் அடியில்தான். கடைசி வரியைப் பீமோடு இறுக்கி அடைத்தால், பின்னால் பீம் சிறிது தொய்யும்போது பாரம் சுவரில் இறங்கி, வெடிப்பு விழும். 10 முதல் 20 மி.மீ. இடைவெளி விட்டு, மேல்தள வேலையெல்லாம் முடிந்தபின் நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும். பில்லர் ஓரத்தில் சுவரைப் பில்லரோடு பிணைக்க இரண்டு மூன்று வரிக்கு ஒரு தகடு. கான்கிரீட்டும் கல்லும் சேரும் இடமெங்கும் பூச்சுக்குள் 150 மி.மீ. அகல வலை.

பாரம் தாங்காத சுவர்தானே என்று இன்ஜினீயரைக் கேட்காமல் கீழ்த்தளத்துச் சுவர்களை எடுத்துவிடுவதும் ஆபத்து. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்தவற்றில் பல, கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்தே விட்ட அடுக்குமாடிகள். மேலே அடைத்த சுவர்கள் விறைப்பாக நிற்க, கீழ்த்தளம் மட்டும் வளைந்து கொடுத்து உடைந்தது.

பூச்சு 1:6 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், ஆறு பங்கு மணல்) 12 மி.மீ. போதும். சிமென்ட் கூடினால் வெடிப்பும் கூடும். வயருக்குக் காடி எடுக்க உளியைத் தொடாதீர்கள், கட்டர்தான். டிவி, கீசர் மாட்ட வெறும் ஆணி நிற்காது. இந்தக் கல்லுக்கென்று வரும் நைலான் பிளக் அல்லது பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும். குளியலறையில் ஓடு ஒட்டுவதற்கு முன் நீர்க்காப்புப் பூச்சைத் தவிர்த்தால், கல் தண்ணீரை உறிஞ்சி அடுத்த அறைப் பெயின்ட்டை உரித்துவிடும்.