மாடி வீட்டு வெக்கை: சுண்ணாம்பா, ஃபேனா, கூலரா, ஏசியா?

மதுரையில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் வெயில் இறங்கிவிடும், வெக்கை இறங்காது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரிதான் வீட்டுக்குள் விடுகிறது; பத்து மணிக்குப் பரண் மேல் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இன்னும் சுடும். கத்திரியில் ஓடுகிற ஏசி பாதி நேரம் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

அதனால் என் கணக்கில் முதலிடம் மொட்டை மாடியில் அடிக்கிற சுண்ணாம்புக்கு. நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிடும், அழுக்கேறிய பழைய தளம் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். செலவும் குறைவு, ஒருமுறை அடித்தால் கரண்டே வேண்டாம். குறை என்னவென்றால் ஐப்பசி மழையில் கரைந்துவிடும், ஃபெவிகால் கலந்து அடித்தாலும் வருஷா வருஷம் பங்குனிக்குள் மறுபடி அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் (வெயிலைத் திருப்பி அனுப்புகிற மாடிப் பெயிண்ட்) சில வருஷம் தாங்கும், விலை கூட. எதை அடித்தாலும் தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும். (வத்தல் காயப் போடுகிறவர்கள் கண் கூசுகிறது என்று திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் உள்ளது) 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் அது 120 யூனிட்.

கூலர்? சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது நன்றாகவே வேலை செய்யும், 200 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் ராத்திரிக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீர் குடிக்கும், லாரித் தண்ணி வாங்குகிற தெருவில் அதை யோசிக்க வேண்டும். கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வெறும் புழுக்கம்தான்.

சரி, ஏசி. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஏழெட்டு யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 400 யூனிட்டைத் தாண்டும். ஒரு யூனிட் கரண்ட் தயாரிக்கச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, ஆக கிட்டத்தட்ட 300 கிலோ. கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறதே என்றால், அது பகலில் மட்டும்தான். நாம் ஏசி போடுவது சூரியன் போன பிறகு, அந்த நேரத்தில் பாரம் பெரும்பாலும் நிலக்கரி மேல்தான். பில்லிலும் அடி விழும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: உள்ளே இருக்கிற கேஸ். இப்போது அதிகம் வருகிற ஆர்32, அதே எடை கார்பன் டை ஆக்சைடை விட 675 மடங்கு சூடேற்றும், பழைய ஆர்22 அதைவிட மோசம். அந்த கேஸ் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். "கேஸ் முடிஞ்சுபோச்சு சார், அடிச்சு விட்ருவோம்" என்று வருஷா வருஷம் வருகிற மெக்கானிக்கிடம், முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கிற வீட்டில் ஏசி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்குங்கள், ஆனால் மாடிக்கு வெள்ளையடித்த பிறகு வாங்குங்கள். 2020 ஜனவரி முதல் வருகிற ஸ்டார் முத்திரை போட்ட ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும், அதை 26க்கு ஏற்றி ஃபேனையும் போட்டால் டிகிரிக்கு சுமார் 6 சதவீதம் கரண்ட் குறையும்.

வாடகை வீடு என்றால் ஃபேனை வாங்குங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சுண்ணாம்புக்கு ஹவுஸ் ஓனரிடம் கேட்டுப் பாருங்கள், பொருள் செலவு என்னுடையது என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.