மெல்போர்னில் ஓப்பன் பிளான் வீட்டுக்கு ஏசி: குளிரை வைத்து அளவு பாருங்கள்

இங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் சமையலறை, சாப்பாட்டு மேசை, சோபா எல்லாம் நடுவில் சுவரே இல்லாமல் ஒரே கூடத்தில்தான். எங்கள் வீட்டில் அந்தக் கூடம் மட்டும் கிட்டத்தட்ட 50 சதுர மீட்டர். அதற்கு மிட்சுபிஷி எலக்ட்ரிக்கின் 7.1 கிலோவாட் ரிவர்ஸ் சைக்கிள் ஸ்ப்ளிட் (குளிரும் சூடும் தரும், சுவரில் மாட்டும் ஏசி) ஒன்றை மாட்டி, ஒரு குளிர்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்தாகிவிட்டது. எனக்கு முழுத் திருப்தி.

ஊரிலிருந்து வந்த நமக்கு ஏசி என்றாலே வெயிலுக்குத்தான் என்ற நினைப்பு. மெல்போர்னில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருடத்துக்குச் சில, ஆனால் மே முதல் செப்டம்பர் வரை ஹீட்டர் இல்லாமல் காலையில் கூடத்தில் உட்கார முடியாது. அதனால் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் குளிரூட்டும் அளவை விட, சூடாக்கும் அளவுதான் முக்கியம். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தச் சூடாக்கும் அளவை வெளியே 7 டிகிரி இருக்கும்போது சோதித்துத்தான் போடுகிறார்கள். 2 டிகிரிக்கு இறங்கினால் வெளி யூனிட்டில் பனி படியும், அதை உருக்க மெஷின் அவ்வப்போது சூடு தருவதை நிறுத்தும், கிடைக்கும் சூடும் குறையும். எனவே கடையில் 2 டிகிரியில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். 2020-இல் அமலுக்கு வந்த புதிய எனர்ஜி லேபிளில் ஆஸ்திரேலியாவை வெப்பம், சராசரி, குளிர் என்று மூன்று மண்டலமாகப் பிரித்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள். மெல்போர்ன் குளிர் மண்டலம், அந்த வரிசையை மட்டும் பார்த்தால் போதும்.

கூரைக்குள் குழாய் போட்டு எல்லா அறைக்கும் காற்று அனுப்பும் டக்டெட் ஏன் போடவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு வந்த விலைகளில், ஸ்ப்ளிட்டைப் போலப் பல மடங்கு இருந்தது டக்டெட். நாங்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் கூடத்தில்தான், யாரும் இல்லாத அறைகளைச் சூடாக்க எதற்குச் செலவு? அப்புறம், சூடான காற்று கூரைக்குள் ஓடும் குழாய்களில் கொஞ்சம் கசிந்துதான் வரும். பெரிய குடும்பம், பெற்றோர் பகலில் தனித்தனி அறைகளில் இருப்பார்கள் என்றால் அது வேறு கணக்கு, அங்கே டக்டெட் நியாயம்தான், ஆனால் அறைவாரியாக மூடித் திறக்கும் ஸோனிங் கட்டாயம் வேண்டும்.

பழைய வீடுகளில் இருக்கும் கேஸ் டக்டெட் ஹீட்டரோடு ஒப்பிட்டால் பில்லில் வித்தியாசம் தெரியும். கேஸை எரித்து எவ்வளவு நன்றாகச் செய்தாலும் போட்ட சக்திக்கு மேல் சூடு வராது. ரிவர்ஸ் சைக்கிளோ வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை உள்ளே இழுத்து வருகிறது, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் சூடு கிடைக்கும். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பிளானிங் பெர்மிட் தேவைப்படும் புது வீடுகளுக்கு 2024 ஜனவரியிலிருந்து கேஸ் இணைப்பே கிடையாது. பழைய கேஸ் ஹீட்டரைக் கழற்றி மாற்றுபவர்கள் மாநில அரசின் விக்டோரியன் எனர்ஜி அப்கிரேட்ஸ் திட்டத் தள்ளுபடி கிடைக்குமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தண்ணீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் எவாபரேட்டிவ் கூலர் மலிவுதான், உலர்ந்த வெயிலுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், புழுக்கமான நாளில் பயனில்லை, 2020 ஜனவரியில் காட்டுத்தீப் புகை நகரத்தை மூடியது போல ஒரு நாள் வந்தால் அந்தப் புகையையே உள்ளே இழுக்கும்.

ஸ்ப்ளிட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. சூடான காற்று மேலே போய் நின்றுகொள்கிறது, காலுக்கு மட்டும் சில்லென்று இருக்கும். காற்றைக் கீழ்நோக்கித் திருப்பி, சீலிங் ஃபேனை எதிர்த்திசையில் மெதுவாக ஓடவிட்டால் சரியாகிறது. தரையோரம் வைக்கும் கன்சோல் வகை இந்த விஷயத்தில் இன்னும் மேல், ஆனால் சுவரோரம் சோபா போட முடியாது. மாடிப்படி கூடத்திலிருந்தே ஏறுகிற வீடாக இருந்தால் சூடு முழுவதும் மேலே ஓடிவிடும். அங்கே ஒரு கதவோ தடித்த திரையோ போடாமல் எந்த மெஷின் வாங்கினாலும் வீண்.

நம் சமையலுக்காக இன்னொன்று: யூனிட்டை அடுப்புக்கு எதிர்க்கோடியில் மாட்டச் சொல்லுங்கள். தாளிக்கிற எண்ணெய்ப் புகை ஃபில்டரில் பிசுபிசுவென்று ஒட்டும், எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது. அதற்காக அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் ரேஞ்ச்ஹுட்டை நாள் முழுக்க ஓடவிட்டால் சூடான காற்றும் வெளியே போய்விடும், சமைக்கும்போது மட்டும் போடுங்கள்.

பொருத்துபவரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். ஒரு நிறுவனம் வீட்டைப் பார்க்காமலே போனில் 'பெரியதா போட்டுடலாம்' என்று டக்டெட் விலை சொன்னது. நாங்கள் எடுத்தவர் நேரில் வந்து கூரை உயரம், இங்கே வெயில் விழும் வடக்குப் பக்கக் கண்ணாடி, இன்சுலேஷன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அளவு சொன்னார். ஆர்க்டிக் (ARCtick) லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் குளிர்வாயுவைத் தொடக்கூடாது. வெளி யூனிட் எங்கே வரும் என்பதை மாட்டும் முன்பே சுவரில் குறித்துக் காட்டச் சொல்லுங்கள், படுக்கையறை ஜன்னலுக்கு அடியிலோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகவோ வைக்க விடாதீர்கள்.