வேலை போகும் என்று தெரிகிறது: வீட்டுக் கடனை அடைப்பதா, பணத்தைக் கையில் வைப்பதா?

எங்கள் பிராஜெக்ட் ஜனவரியில் முடிந்தது. என்னைப் பெஞ்சில், அதாவது அடுத்த பிராஜெக்ட் இல்லாமல் சம்பளத்தோடு காத்திருப்போர் பட்டியலில், உட்கார வைத்தார்கள். அடுத்து வேலையே போகலாம் என்பது, சென்னையில் ஐடி நிறுவனங்கள் நிறைந்த சோழிங்கநல்லூர்ப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அப்போது சேமிப்பு 8 லட்சம் ரூபாய் இருந்தது. மேடவாக்கம் வீட்டின் மேல் 28 லட்சம் கடன், இன்னும் 12 வருடம், வட்டி எட்டரை சதவீதம், மாதத் தவணை 31,000. எங்கள் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவர்தான்.

அப்பாவுக்கு யோசிக்கவே எதுவும் இல்லை. "வேலை இருக்கும்போதே கடனில் கட்டிவிடு, பாரம் குறையும்" என்றார். கணக்கும் அவர் பக்கம்தான் பேசியது. எட்டு லட்சத்தைக் கட்டினால் 12 வருடக் கடன் ஏழு வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் மிச்சம். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டிக் கட்ட அபராதமும் கிடையாது. வேலை நிலையாக இருக்கிறவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கட்டிவிடலாம்.

வங்கிக்குப் போய் உட்கார்ந்தேன். அதிகாரி புதிய தவணை அட்டவணையை அச்செடுத்து நீட்டினார். கடைசிப் பக்கங்கள் காணாமல் போயிருந்தன. பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தில் விரலை வைத்து, "அடுத்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டேன். "அதே 31,000தான் சார். காலம்தான் குறையும்."

என் முடிவு அந்த இடத்தில்தான் மாறியது. முன்கூட்டிக் கட்டும் பணம் கடனின் வால் பகுதியை வெட்டுகிறது. வேலை போனவனுக்கு ஆபத்து தலைப் பகுதியில், அடுத்த ஆறேழு தவணைகளில் இருக்கிறது. தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அப்போதும் 31,000 என்பது 22,000 ஆகும், அவ்வளவுதான். கையில் காசில்லாமல் அந்த 22,000 எங்கிருந்து வரும்? ஐந்து வருடத் தவணையை முன்பே கட்டியவர் என்று வங்கி உங்களுக்கு ஒரு மாதம்கூட விட்டுக்கொடுக்காது. தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிடும். அடுத்து, 60 நாளுக்குள் பாக்கியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரலாம்.

கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் போனஸ் பணம் ஆறு லட்சத்தைக் கடனில் கட்டினார். இரண்டு மாதத்தில் வேலை போயிற்று. அதே வீட்டின் மேல் கூடுதல் கடன் கேட்டபோது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டார்களாம். கடைசியில் மனைவியின் நகைதான் அடகுக்குப் போனது. அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பணத்தைக் கையில் வைப்பதிலும் நஷ்டம் உண்டு. ஃபிக்சட் டெபாசிட்டுக்கு எனக்குக் கிடைத்தது ஆறரை சதவீதம், அதிலும் வரி போகும். கடன் வட்டியோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் போல இழப்பு. மாதம் 2,500 ரூபாய் கொடுத்து ஒரு வருட அவகாசம் வாங்குகிறேன் என்று எடுத்துக்கொண்டேன். தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து மாதம் 66,000; எட்டு லட்சம் பன்னிரண்டு மாதம் தாங்கும்.

விதிவிலக்குகள் உண்டு. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் யோசிக்காமல் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி தின்கிறது. வீட்டுக் கடனே மூன்று, நான்கு லட்சம்தான் பாக்கி என்றால் முழுவதும் அடைத்துத் தவணையையே ஒழிப்பது நல்லது. ஓவர்டிராஃப்ட் முறையில் இயங்கும் வீட்டுக் கடனும் இருக்கிறது, ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போல. போட்ட பணத்துக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுக்கவும் செய்யலாம். கேட்கும்போது இரண்டு பக்கத்து நன்மையும் சேர்ந்ததாகத் தெரிகிறது. ஆனால் நான் பயன்படுத்தியதில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

எட்டு லட்சத்தை இரண்டு இரண்டு லட்சமாக நான்கு டெபாசிட்டாக, இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டேன். ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. வங்கி திவாலானாலும் ஒரு வங்கிக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும் என்ற வைப்புக் காப்பீட்டு வரம்புக்குள்ளும் அடங்கும். வேலை இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக மருத்துவக் காப்பீடும் எடுத்தேன். அலுவலகக் காப்பீடு வேலையோடு போய்விடும், புதிய பாலிசியில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை உண்டு. முன்கூட்டியே தொடங்கினால் அந்தக் கணக்கும் முன்கூட்டியே ஓடத் தொடங்கும்.

மே மாதம் அழைத்து, வேலை இல்லை என்று சொன்னார்கள். அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதமாயிற்று. முதல் டெபாசிட்டை உடைத்தது ஜூனில், மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக. தவணைக்கும் வீட்டுக்குமாக இன்னும் இரண்டு போயின. ஒரு தவணைகூடத் தவறவில்லை. நான்காவது ரசீது பீரோவில் அப்படியே இருக்கிறது. புதிய வேலையில் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் அதைக் கடனில் கட்டிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.