வேலையா பிசினஸா? வடபழனி வீக்எண்ட் கிளாஸ் போனோம், 2,500 ரூபாய்க்கு ஒர்த்தா?

தம்பி பி.இ முடிச்சிட்டு கையில ஒரு ஆஃபர் லெட்டர், மண்டையில ஒரு பிரியாணி கிளவுட் கிச்சன், அதாவது டெலிவரிக்கு மட்டும் சமைக்கிற கடைன்னு சுத்திட்டு இருந்தான், அம்மா ஒரு பக்கம் கெடச்ச வேலைய விட்டுட்டு எவனாவது சட்டி கழுவுவானான்னு கத்த, அவன் ஃப்ரெண்ட்ஸ் இன்னொரு பக்கம் மச்சி இறங்கிடுடான்னு ஏத்திவிட, சரின்னு வேலைக்குப் போறதா தொழில் தொடங்குறதான்னு முடிவெடுக்க உதவுற இந்த ரெண்டு நாள் கிளாஸ்ல சேத்துவிட்டேன். கூட வீட்டு ஆள் ஒருத்தர் ஃப்ரீயா உக்காரலாம்னாங்க, அதனால நானும் போனேன். சென்டர் பேர் போடல, ஏன்னா கொஞ்சம் கொறையும் சொல்லப் போறேன்.

சனிக்கிழமை காலைல சுத்த வேஸ்ட். கோட் போட்ட ஒருத்தர் மேடையேறி எல்லாரையும் எழுந்து கைதட்ட வெச்சு, சம்பளம் வாங்குறவன் அடிமை சம்பளம் குடுக்குறவன் ராஜான்னு ஒன்றரை மணி நேரம் ஓட்டினாரு. அவர் பேசுறப்போ ட்ரேல டீ எடுத்துட்டு வந்த அந்த சென்டர் ஸ்டாஃப் பொண்ணு மூஞ்சியத்தான் நான் பாத்துட்டு இருந்தேன், பாவம் அதுவும் அவங்ககிட்ட சம்பளம் வாங்குறதுதானே.

மதியம் பரவால்ல. ஆஃபர் லெட்டர எப்படி படிக்கணும்னு ஒரு ஹெச்ஆர் மேடம் வந்து சொன்னாங்க, சிடிசின்னு (கம்பெனிக்கு நம்மளால ஆகுற மொத்த வருஷச் செலவு) போட்டிருக்கிற தொகைக்குள்ள கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி (வேலைய விட்டுப் போறப்போ குடுக்குற தொகை), வேரியபிள் பே (வேலைய பொறுத்து கூடக் கொறைய வர்ற பங்கு) எல்லாத்தையும் சேத்திருப்பாங்க, நம்ம பங்கு பிஎஃப் 12% வேற தனியா பிடிப்பாங்க, கிராஜுவிட்டி பொதுவா 5 வருஷம் இருந்தாதான் கைக்கு வரும்னு எல்லாம் விளக்கினாங்க. தம்பி அப்பவே லெட்டர எடுத்து கணக்கு போட்டு மாசம் கைக்கு 22 ஆயிரம் சொச்சம்தான் வருதுன்னு கண்டுபிடிச்சான், அது வரைக்கும் வருஷத் தொகைய பன்னெண்டால வகுத்து வெச்சுட்டு பைக் ஈஎம்ஐ வரைக்கும் பிளான் பண்ணியிருந்தான் லூசு.

ஞாயித்துக்கிழமைதான் காசு குடுத்ததுக்கு வேலை நடந்துச்சு. ஒவ்வொரு பையனுக்கும் தனியா அரை மணி நேரம். எங்களுக்கு வந்தவர் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சு நடத்தி இப்போ மகன்கிட்ட விட்டுட்டவர், கையில ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஒரு நீளமான ஷீட். தம்பி தினம் 40 பிரியாணின்னு எழுதியிருந்தான். அவர் எடுத்த எடுப்புல செவ்வாக்கிழமை எத்தனை தம்பி, வெள்ளிக்கிழமை எத்தனை, புரட்டாசி மாசம் எத்தனைன்னு கேட்டாரு பாருங்க, இவன் முழிச்சான். 40 அழிஞ்சு 18 ஆச்சு. அப்புறம் வாடகை 12 ஆயிரம், சரி, அட்வான்ஸ் எங்கேன்னாரு, சென்னையில பத்து மாச அட்வான்ஸ் கேக்குற ஓனருங்க இருக்காங்க, அது மட்டுமே 1,20,000 முடங்கும். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ விலைய போட்டிருந்தான், கடைக்கு 19 கிலோ கமர்ஷியல்தான் வாங்கணும்னு அதையும் மாத்தினாரு, கரண்ட்டும் கமர்ஷியல் ரேட். ஸ்விகி, ஜொமேட்டோ ஆர்டருக்கு 5% ஜிஎஸ்டிய 2022 ஜனவரிலேர்ந்து அவங்களே கட்டிடுறாங்க அது உன் தலைவலி இல்ல, ஆனா கமிஷனும் ஆப்ல விளம்பரமும் உன் தலைவலிதான்னாரு.

கடைசியா "உன் சம்பளம்"னு ஒரு கட்டம், அது காலியா இருந்துச்சு. ஏன்பா நீ என்ன தர்மத்துக்கா சமைக்கப் போறன்னு கேட்டுட்டு, நேத்து கண்டுபிடிச்ச அந்த 22 ஆயிரத்த அங்க எழுதச் சொன்னாரு. எழுதினதும் மாசா மாசம் நஷ்டம். உடனே என் பக்கம் திரும்பி, ஏம்மா இவன் ஒரு ரூபா தரலைன்னா உங்க வீடு எத்தனை மாசம் ஓடும்னு கேட்டாரு. வேலைக்குப் போன்னும் சொல்லல, கடைய போடுன்னும் சொல்லல. எனக்கு அந்த அரை மணி நேரத்துக்கே 2,500 குடுக்கலாம்னு தோணுச்சு.

பெரிய கொறை லோன் பத்தினது. மானியம் மானியம்னு ஸ்லைடு போட்டாங்களே தவிர அது எப்படி வரும்னு சொல்லல. வேலையில்லாத இளைஞருங்க தொழில் தொடங்க தமிழ்நாடு அரசு வெச்சிருக்கிற யுஒய்இஜிபி திட்டத்துல ப்ராஜெக்ட் செலவுல 25%, அதிகபட்சம் 3.75 லட்சம்னு மானியம் குடுக்குறாங்க, உண்மைதான், ஆனா அது கைக்கு வர்ற காசு இல்ல, பேங்க்ல டெபாசிட்டா கெடந்து மூணு வருஷம் கழிச்சு லோன்ல கழிப்பாங்க. அதை நம்பி அட்வான்ஸ் குடுக்க முடியாது. புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு அரசு வெச்சிருக்கிற இன்னொரு மானியத் திட்டம் நீட்ஸ் பத்தியும் பேசினாங்க, அது 10 லட்சத்துக்கு மேல ப்ராஜெக்ட் இருந்தாதான், இவன் பிரியாணி அண்டாவுக்கு எதுக்கு அது? ஈக்காட்டுத்தாங்கல்ல அரசோட தொழில் முனைவோர் பயிற்சி நிறுவனம் ஈடிஐஐ இருக்கே, அத பத்தி மூச்சு விடல, சொன்னா அவங்க அடுத்த கோர்ஸ் விக்காதுல்ல.

ஆமா அடுத்த கோர்ஸ், 18 ஆயிரமாம், இன்னிக்கே கட்டினா பாதியாம், சாயந்திரம் வரைக்கும் தொரத்தினாங்க. வாசல்ல ஒரு டேபிள் போட்டு உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு தொழில்னு அரசுகிட்ட பதியுறது, 999 ரூபான்னு வேற, அரசு வெப்சைட்ல ஆதார் வெச்சு நீங்களே ஃப்ரீயா பண்றது அது, அஞ்சு பைசா குடுக்காதீங்க.

என் மார்க் 5க்கு 3. போறதா இருந்தா சனிக்கிழமை மதியத்துலேர்ந்து போனா போதும், காலைல மிஸ் பண்ணா ஒண்ணும் கொறஞ்சுடாது. ஞாயித்துக்கிழமைக்கு தொழில் பண்ணின ஆளத்தான் குடுக்கணும்னு பணம் கட்டும்போதே கேட்டுக்கோங்க, பக்கத்து டேபிள்ல ஒரு பொண்ணுக்கு அந்த கோட்டுக்காரரே வந்து உக்காந்தாரு. பார்க்கிங் கெடையாது, மெட்ரோல போயிடுங்க. சாம்பார் சாதம் ஓகே, தயிர் சாதம் புளிப்பு.