ஃபொன்டேன்ப்ளூ காட்டில் பாறையும் பின்னலும்: ஐந்து குளிர்காலம் பயன்படுத்திய பொருட்கள் பற்றி

பாரிஸ் கார் த லியோன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் ஃபொன்டேன்ப்ளூ-ஆவோன். அங்கிருந்து பா குவியே, அப்ரமோன், ஃப்ரான்ஷார் என்று பைன், ஓக் மரங்களுக்கு நடுவே மணற்கல் பாறைகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கின்றன. பெரும்பாலும் கயிறு தேவைப்படாத உயரம்தான். கீழே மெத்தை விரித்து ஏறும் போல்டரிங்தான் இங்கே வழக்கம்.

இங்கே பின்னல் ஊசிக்கு என்ன வேலை? கடினமான ஒரு முயற்சிக்குப் பிறகு முன்கைத் தசைக்கு 3 முதல் 5 நிமிடம் ஓய்வு தேவை. விழுந்த வேகத்தில் மறுபடி தொற்றிக்கொண்டால் விரல் வலுவிழந்து, அடுத்த முயற்சி முந்தையதைவிடக் கீழேயே முடியும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கையில் பின்னல் இருந்தால் பொறுமை தானாக வருகிறது. சுற்றுக்கு 64 கண்ணி (பின்னல் வளையம்) உள்ள சாக்ஸில் ஒரு சுற்று நிதானமாகப் பின்ன 2 முதல் 3 நிமிடம் ஆகும். இரண்டு சுற்று முடிந்தால் எழுந்து ஏறலாம்.

நூல்: 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் கலந்த சாக்ஸ் நூல், 100 கிராமுக்கு ஏறக்குறைய 420 மீட்டர். ஒரு ஜோடிக்கு இது போதும். பருத்தி நூலைக் காட்டுக்கு எடுத்துவராதீர்கள். அது கம்பளி மாதிரி நீண்டு சுருங்காததால், ஏற்கெனவே களைத்த விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

ஊசி: 2.5 மி.மீ., 80 செ.மீ. வட்ட ஊசி, அதாவது இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைப்பது. தனித்தனி ஐந்து ஊசிகள் மணலில் ஒன்றொன்றாகக் காணாமல் போகும். 23 செ.மீ. குட்டி வட்ட ஊசியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாறையைக் கிள்ளிய கைக்கு அது தண்டனை. 80 செ.மீ. ஊசியின் பெரிய வசதி, பாதிச் சுற்றில் யாராவது அழைத்தாலும் கண்ணிகளைக் கம்பிக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம், ஒன்றுகூட நழுவாது. எஃகு ஊசி குளிரில் விரலை மரக்கச் செய்யும். உள்சட்டைப் பையில் வைத்தால் சூடாக இருக்கும். மூங்கில் இதமானதுதான், ஆனால் 2.5 மி.மீ. மூங்கில் ஊசியின் மேல் தெரியாமல் உட்கார்ந்தால் ஒடிந்துவிடும்.

ஏறிய கையோடு பின்னும்போது இறுக்கம் கூடும். வீட்டில் 10 செ.மீ.க்கு 30 கண்ணி வருபவருக்கு இங்கே 32 வரலாம். 64 கண்ணிக்கு இது 21.3 செ.மீ. சுற்றளவை 20 ஆக்கிவிடும், சாக்ஸ் குதிகாலைத் தாண்டாது. இதனால் கணுக்கால் குழாயை மட்டும் காட்டில் பின்னி, குதிகாலை வீட்டில் பின்னுவது நல்லது. குழாய்ப் பகுதிக்கு 2.75 மி.மீ. ஊசி எடுத்தால் இறுக்கம் ஓரளவு சரியாகும்.

நூலுக்கு மிகப் பெரிய எதிரி வெல்க்ரோ. ஏறும் ஷூவின் பட்டை, மெத்தையின் மூடி, சாக் பவுடர் (பிடி வழுக்காமல் கையில் பூசும் வெள்ளைப் பொடி) வைக்கும் பை என்று எங்கும் இருக்கிறது. ஒரு தடவை பட்டாலே கண்ணியை இழுத்து நூலைப் பிய்த்துவிடும். மெத்தை வாங்கும்போது உலோகக் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். சாக் பவுடர் தோலை உலர்த்துவதால் விரலில் எழும் செதில்களும் நூலை இழுக்கும். நகம் தேய்க்கும் அரத்தால் அவற்றைத் தேய்த்துவிட்டு, ஈரத்துணியால் கை துடைத்த பிறகே ஊசியைத் தொடுங்கள். கம்பளிக் கொழுப்பு கலந்த களிம்பை மாலையில் பூசலாம். ஏறுவதற்கு முன் பூசினால் தோல் மெத்தென்றாகி, பிடி வழுக்கும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: நண்பர் ஏறும்போது கீழே காவல் நிற்பவர் பின்னக் கூடாது. அவருடைய இரண்டு கைகளும் காலியாக, கண் ஏறுபவரின் இடுப்பின் மேல் இருக்க வேண்டும். மெத்தை மேல் ஊசி கிடக்கவே கூடாது. முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, கயிறு இழுத்து மூடும் துணிப்பையில் வைத்து, மரத்தடியில் தள்ளி வையுங்கள்.

மெத்தையில் கடினமான நுரை மேலே, மென்மையானது கீழே இருக்க வேண்டும். தலைகீழாக விரித்தால் கால் புதைந்து கணுக்கால் மடங்கும். மடித்தே வைத்திருந்த மெத்தை மடிப்பில் முதலில் தளரும், வீட்டில் விரித்தே வையுங்கள். முழங்காலால் அழுத்தும்போது தரை தட்டினால் நுரையை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மழை பெய்த பாறையைத் தொடாதீர்கள். ஈர மணற்கல் வலுவிழக்கும். கெட்டியான மேல்தோல் ஒரு இடத்தில் பெயர்ந்தால் உள்ளே உள்ள மணல் உதிர்ந்துகொண்டே இருக்கும், போன பிடி திரும்பாது. அந்த நாட்களை முழுக்கப் பின்னலுக்கே கொடுத்துவிடலாம். ஷூ அடியில் ஒட்டிய மணலும் பாறையை அரம் மாதிரித் தேய்க்கும், அதனால் கால் துடைக்க ஒரு சின்ன மிதியடி கட்டாயம். துணியில் முடிந்த பைன் பிசினான ‘பொஃப்’ இங்கே பழைய பழக்கம். அது பாறையை வழவழப்பாக்கிவிடுகிறது, நூலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. தவிர்த்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் துணிப்பையை உள்புறம் வெளியாக்கி உதறுங்கள். முடிந்த சாக்ஸை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்தால் மணல் பாத்திரத்தின் அடியில் தங்கும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகக் காய வையுங்கள்.