நாலு வருஷமாக என் கையில் இருக்கும் இ-ரீடர்

போன வாரம் என் இ-ரீடருக்கு, அதாவது மின்புத்தகம் படிக்கிற கருவிக்கு, புது பேட்டரி போட்டேன். ரிச்சி தெருவில் ஒரு கடையில் பின்மூடியை நெம்பித் திறந்து அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கூலியோடு 1,400 ரூபாய். வாங்கிய புதிதில் ஒருமுறை சார்ஜ் போட்டால் மூன்று வாரம் வரும். இப்போது இரண்டு நாள்கூட நிற்காமல் போயிருந்தது.

அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நானும் ஒண்ணு வாங்கட்டுமா? தமிழ்ப் புத்தகம் படிக்க நல்லா இருக்குமா?" முதல் கேள்விக்கு வாய்வரை வந்த பதில், இரண்டாவது கேள்வியில் நின்றுவிட்டது.

நான் தினமும் அரக்கோணம் லோக்கலில் வருகிறவன். கல்லூரி நாட்களில் இதே ரயிலில் வாரத்துக்கு ஒரு புத்தகம் முடித்திருக்கிறேன். போன் கைக்கு வந்தபின் அந்தப் பழக்கம் எந்த மாதத்தில் போனது என்றுகூடத் தெரியாமல் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுத்தது இந்தக் கருவிதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெசேஜ் வராது, மணி அடிக்காது. நின்றுகொண்டு வந்தாலும் ஒரு கையில் கம்பி, மறுகையில் புத்தகம், கட்டைவிரலால் பக்கம் திருப்பலாம். பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். மற்ற நேரம் அது காகிதம் மாதிரி, மேலே விழுகிற வெளிச்சத்திலேயே தெரியும். மார்கழிக் காலையில் வலப்பக்க ஜன்னலில் வெயில் நேராக அடிக்கும்போது போன் திரை கறுத்துப்போகும். இதில் எழுத்து இன்னும் துலக்கமாகும். முதல் வருஷமே 23 புத்தகம் படித்தேன்.

சரி, இப்போது என்னைப் படுத்துகிற விஷயம். எனக்கு நாற்பத்தைந்து வயது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால்தான் ஆடுகிற ரயிலில் படிக்க முடியும். அப்படி வைத்தால் ஒரு வரியில் நாலு சொல்தான் பிடிக்கும். நடுவில் 'பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு சொல் வருகிறது. அது வரியில் இடம் கொள்ளாது, முழுசாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் இரண்டு சொல்லை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துவிட்டு நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளை. அடுத்த வரியிலும் அதே கதை. கண் அந்த வெள்ளையில் இறங்கிக் கீழே போய்விடுகிறது, வாக்கியம் கையைவிட்டுப் போய்விடுகிறது. அச்சில் இந்தப் பிரச்சினையே இல்லை. இடம் போதாவிட்டால் சொல்லை எழுத்துக்கு எழுத்து உடைத்து அடுத்த வரியில் தொடர்வார்கள், நாமும் தடங்கல் இல்லாமல் படித்துவிடுவோம். ஆங்கிலப் புத்தகத்தில் இதே கருவி சொல்லை ஒழுங்காக உடைக்கிறது. தமிழுக்கு அதைச் செய்ய நாலு வருஷத்தில் எத்தனையோ அப்டேட் வந்தும் யாருக்கும் மனசு வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அகராதியும் அப்படித்தான். 'வந்தான்' மேல் விரலை அழுத்தினால் பொருள் இல்லை என்கிறது. அதற்கு 'வா' மட்டும்தான் தெரியும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் பக்கமே போகாதீர்கள். நம்முடைய டெம்மி அளவுப் புத்தகத்தின் 21 சென்டிமீட்டர் உயரப் பக்கத்தை 12 சென்டிமீட்டர் திரையில் அடைத்தால் எழுத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். தட்டச்சு செய்த பிரதியாக இருந்தால்தான் பிழைத்தோம். தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களும், இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்ப்பவர்களும் இல்லாவிட்டால் என் கருவியில் பாதி காலியாகத்தான் இருக்கும்.

அடுத்து எதைப் படிப்பது என்பதை இதன் முகப்புத் திரையிடம் நான் விடுவதில்லை. அது காட்டுகிற அட்டைகளில் ஒன்றைக்கூட இதுவரை எடுத்ததில்லை. சட்டைப்பை டைரியின் கடைசிப் பக்கத்தில் பெயர்களை எழுதி வைப்பேன். பெரும்பாலும் முடித்த புத்தகம்தான் அடுத்ததைக் காட்டிக் கொடுக்கும். உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு சிறுகதை படித்தேன். அது 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு யாத்திரைக்குக் கொண்டுபோய் விட்டது. வழியில் அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட, ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்களாம். அதைப் படித்த அன்றைக்கு வேலையே ஓடவில்லை. அப்புறம் மூன்று மாதம் அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகள்தான். இலவச மாதிரிப் பக்கங்களுக்கு ஒரு கணக்கு உண்டு: திருவள்ளூர் வருவதற்குள் உள்ளே இழுக்கவில்லை என்றால் மூடிவிடுவேன். பாதியில் விடுவது தப்பு என்று நினைத்திருந்த காலத்தில்தான் நான் படிக்காமலே இருந்தேன்.

தினமும் இறங்குவது சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக ரயில் நிலையத்தில். 1985 தீ விபத்துக்கு முன்னால் அங்கே இருந்த பழைய புத்தகக் கடைகளில் அப்பா வாங்கிய புத்தகங்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அந்தக் கடைகள் போய்ச் சேர்ந்த அல்லிக்குளம் பக்கம் போன மாதம் போயிருந்தேன். கருவியில் வெள்ளை இடைவெளி தாங்காமல் நாற்பதாவது பக்கத்தில் நிறுத்திய ஒரு நாவல் அங்கே 60 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டே நாளில் முடித்தேன்.

அதனால் அக்கா, தமிழ் படிக்க என்றால் இப்போதைக்கு வாங்காதீங்க. எனக்குப் படிப்பைத் திருப்பிக் கொடுத்ததே இதுதான் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதுவும் உண்மை. ஆனாலும் உங்களுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திங்கட்கிழமை என்னுடையதைக் கொண்டுவருகிறேன், பத்து நாள் வைத்திருந்து பாருங்கள். அந்த உப்பளக் கதையும் அதில் இருக்கிறது. எழுத்தை மட்டும் மூன்றாம் அளவுக்கு மேல் வைக்காதீங்க.